69க்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி எதற்கு?

வணக்கம். வழக்கமாக ஊர்க் கதை பேசிவிட்டு நிதானமாகத் தொடங்குபவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும்; இன்று அதற்கெல்லாம் பொறுமை இல்லை. தென்னாப்பிரிக்காவின் பிரையன் ஹபானாவைப் பற்றிய சென்ற காணொளியில், டெஸ்ட் ரக்பியில், அதாவது நாட்டு அணிகள் மோதும் ஆட்டங்களில், அதிக ட்ரை (பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் தரையில் ஊன்றிப் புள்ளி எடுப்பது) வைத்தவர்களின் வரிசையில் அவர் இரண்டாம் இடத்தில் இருக்கிறார் என்று போகிற போக்கில் ஒரு வாக்கியம் சொன்னேன். அதற்குக் கீழே வந்த கருத்துகளில் பெரும்பாலானவை ஹபானாவை விட்டுவிட்டு, முதலிடத்தில் இருக்கும் டைசுகே ஓஹாட்டாவைப் பிடித்துக்கொண்டன. அவருடையதெல்லாம் சாதனையில் சேராதாம்; சொத்தை அணிகளோடு ஆடிக் குவித்த எண்ணிக்கையாம். ஒரு நேயர் அட்டவணையே தயாரித்து அனுப்பியிருந்தார். அதில் ஓஹாட்டாவின் 69 ட்ரைகளுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி, அதன் விளக்கம் கடைசியில் பொடி எழுத்தில். எனக்கு இந்தப் பொடி எழுத்தைப் போல எரிச்சலூட்டுவது வேறொன்றும் இல்லை. மறுக்க வேண்டுமானால் பெரிய எழுத்திலேயே மறுக்கலாமே.

ஆகவே இன்று முழுவதும் டைசுகே ஓஹாட்டாதான். 1975 நவம்பரில் ஒசாகாவில் பிறந்த ஜப்பானியர். கியோட்டோவில் பல்கலைக்கழகப் படிப்பு. அதன்பின் கோபே ஸ்டீல் அணி. பெரும்பாலும் விங் (ஓரத்தில் வேகமாக ஓடும் ஆட்டக்காரர்), சில வேளைகளில் அவருக்கு உட்புறம் ஆடும் அவுட்சைட் சென்டர். 1996 முதல் 2006 வரை ஜப்பானுக்காக 58 டெஸ்ட் ஆட்டங்கள், 69 ட்ரைகள். ஹபானா 67 ட்ரைகளுக்கு 124 ஆட்டங்கள் எடுத்துக்கொண்டார். இருவருக்கும் முன்பு சாதனையை வைத்திருந்த ஆஸ்திரேலியாவின் டேவிட் கம்பீசி 64 ட்ரைகளுக்கு 101 ஆட்டங்கள் எடுத்துக்கொண்டார். ஆட்டத்துக்கு ஒன்றுக்கும் மேல் என்ற கணக்கு, இந்த மூவரில் ஓஹாட்டாவிடம் மட்டுமே இருக்கிறது.

நேயர்கள் சொல்வதில் உண்மையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2002 ஜூலையில் டோக்கியோவில் தைவானுக்கு எதிராக ஜப்பான் 155–3 என்று வென்றது. அந்த ஒரே ஆட்டத்தில் ஓஹாட்டா 8 ட்ரைகள் வைத்தார். அதைப் போட்டி என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. ஆனால் அது பொழுதுபோகாமல் ஏற்பாடு செய்த நட்பு ஆட்டமன்று. 2003 உலகக் கோப்பைக்கான ஆசியத் தகுதிச் சுற்று. உலகக் கோப்பைக்குப் போக வேண்டுமானால் அந்தத் தைவானைத் தாண்டித்தான் போக வேண்டும் என்று விதித்தவர் ஓஹாட்டா அல்லர். அந்த எட்டையும் அந்த ஆட்டத்தையும் முழுவதுமாக நீக்கிப் பாருங்கள்: 57 ஆட்டங்களில் 61 மிஞ்சுகிறது. அப்போதும் ஆட்டத்துக்கு ஒன்றுக்கு மேல்தான்.

அப்படி நீக்குவதென்றால் எல்லாருக்கும் ஒரே அளவுகோலால் நீக்க வேண்டும் அல்லவா? கம்பீசி 1983இல் சிட்னியில் அமெரிக்காவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 4 ட்ரைகள் வைத்தார். ஹபானா 2015 உலகக் கோப்பையில் அதே அமெரிக்காவுக்கு எதிராக 3 வைத்தார். அந்த ஆட்டத்தின் முடிவு 64–0. அந்த மூன்றால்தான் உலகக் கோப்பை ட்ரைகளில் நியூசிலாந்தின் ஜோனா லோமுவின் 15ஐ அவர் எட்டினார். அந்த 15க்குப் பக்கத்தில் யாரும் நட்சத்திரம் போட்டு நான் பார்க்கவில்லை. தென்னாப்பிரிக்கா அமெரிக்காவை அடித்தால் அது சாதனை, ஜப்பான் தைவானை அடித்தால் அது பொடி எழுத்து என்ற இந்த நியாயம் எனக்குப் புரியவே இல்லை.

"பெரிய அணிகளோடு ஆடியிருந்தால் தெரிந்திருக்கும்" என்று எழுதியவர்களுக்கு ஒரு கேள்வி. எப்போது ஆடுவது? ஜப்பானும் தென்னாப்பிரிக்காவும் வரலாற்றில் முதன்முதலாக மோதியதே 2015 செப்டம்பரில், பிரைட்டனில். 34–32 என்று ஜப்பான் வென்ற அந்த ஆட்டத்தைப் பற்றி நான் எத்தனை தடவை பேசினாலும் நீங்கள் பொறுத்துக்கொள்கிறீர்கள், நன்றி. இங்கிலாந்து 1987 உலகக் கோப்பையில் ஜப்பானோடு டெஸ்ட் ஆடியது. அடுத்த டெஸ்ட் 2018இல். நியூசிலாந்து 1995இல் ஆடியது, அடுத்து 2011இல். ஓஹாட்டாவின் காலம் இந்த இடைவெளிகளுக்குள் அப்படியே அடங்கிவிடுகிறது. தங்கள் நாட்காட்டியில் ஜப்பானுக்கு ஒரு சனிக்கிழமைகூட ஒதுக்காத நாடுகளின் ரசிகர்கள், அந்த ஜப்பானியர் தங்களுக்கு எதிராக ட்ரை வைக்கவில்லை என்று குறை சொல்கிறார்கள்.

அந்த 1995ஐ விளக்கிவிட்டுத்தான் மேலே போக முடியும். தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபொன்டெய்ன் நகரில், 1995 ஜூன் 4 அன்று, உலகக் கோப்பை ஆட்டத்தில் நியூசிலாந்து ஜப்பானை 145–17 என்று நொறுக்கியது. மார்க் எல்லிஸ் என்ற ஒருவரே 6 ட்ரைகள் வைத்தார். ஜப்பானில் ரக்பியின் பெயரே கெட்டுப்போன நாள் அது. அதற்கு அடுத்த ஆண்டு நவம்பரில், தென்கொரியாவுக்கு எதிராக, இருபத்தொரு வயதை எட்டும் தறுவாயில் இருந்த ஓஹாட்டா தன் முதல் டெஸ்டிலேயே 3 ட்ரைகள் வைத்தார். அதற்கடுத்த மாதம் கம்பீசி தன் கடைசி டெஸ்டை ஆடினார். சில வாரங்கள் ஒதுங்கியிருந்தால் இருவருடைய காலமும் தொடாமலே போயிருக்கும். இந்த மாதிரிப் பொருத்தங்கள் எனக்குப் பிடிக்கும் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

ஆசிய அணிகளைத் தாண்டிப் பார்க்க வேண்டும் என்றால் 1999க்கு வாருங்கள். செய்ஜி ஹிராவோ பயிற்சியாளராக இருந்த அந்த ஆண்டில் ஜப்பான் பசிபிக் ரிம் போட்டித்தொடரை வென்றது. உலகக் கோப்பையில் மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. ஆனால் கார்டிஃப் நகரில், வேல்ஸ் அணிக்கு எதிராக, அவர்கள் மண்ணிலேயே ஓஹாட்டா ஒரு ட்ரை வைத்தார். நான்கு ஆண்டுகள் கழித்து ஆஸ்திரேலியாவில் நடந்த உலகக் கோப்பையில் பிரான்சுக்கு எதிராக ஒன்று, அமெரிக்காவுக்கு எதிராக ஒன்று. அந்தப் பிரான்ஸ் ஆட்டத்தை நீங்கள் தேடிப் பார்க்க வேண்டும்: 51–29 என்று தோற்ற அணி, தோற்ற அணி போலவே ஆடவில்லை. ட்ரைக்கு முயலாமல், எதிரணியின் தவறுகளுக்குக் கிடைக்கும் பெனால்டி கிக்குகளாகவே உதைத்து வெல்லும் ரக்பி எனக்கு அறவே ஆகாது என்பதை நீங்கள் அறிவீர்கள். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு தோற்கும் அணிக்கு என் மனத்தில் எப்போதும் கூடுதல் இடம் உண்டு.

இனி நான் அணிந்திருக்கும் இந்தச் சட்டை. ஆமாம், இதைப் பற்றிப் பேசாமல் விடமாட்டேன். சிவப்பும் வெள்ளையுமான பட்டைகள், நெஞ்சில் பூத்த மூன்று சகுரா மலர்கள்: ஜப்பான் அணியின் பழைய ஜெர்சி, அந்தக் காலத்தது. ஜப்பானிய ஏல இணையதளம் ஒன்றில் 2,800 யென்னுக்குக் கிடைத்தபோது, நம் பணத்தில் இரண்டாயிரம்கூட ஆகாது என்று துள்ளிக் குதித்தேன். ஆனால் ஜப்பானில் முகவரி இல்லாதவர் அதை நேரடியாக வாங்க முடியாது. இடையில் ஒரு முகவர் வேண்டும். அவருக்கு வாங்கித் தரும் கட்டணம், கிடங்குக் கட்டணம், பெட்டியைப் பிரித்துச் சோதிக்கும் கட்டணம், சோதித்ததை மறுபடி கட்டும் கட்டணம் என்று தனித்தனியாக ரசீது. அதற்குமேல் விமானத் தபால். அதற்கும்மேல் இங்கே சுங்கத் தீர்வை. முடிவில் சட்டையின் விலையைப்போல மூன்று மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. பிரித்தார்களே, அதையே நான் பிரித்துக்கொள்ள மாட்டேனா? அளவும் ஜப்பானிய ‘எல்’. நான் கையை உயர்த்தாமலே பேசுவதற்குக் காரணம் அதுதான். ஆனாலும் சொல்கிறேன், இப்போது விற்கும் பளபளப்பான, உடம்போடு ஒட்டும் ஜெர்சிகள் பத்துக்கு இது ஒன்று ஈடு. பருத்தித் துணி, தடித்த கழுத்துப்பட்டை. சரி, போதும்.

சாதனை முறிந்த நாளுக்கு வருகிறேன். 2006 மே 14, ஒசாகாவை அடுத்த ஹிகாஷி-ஒசாகா நகரின் ஹனசோனோ மைதானம், எதிரணி ஜார்ஜியா. ஜப்பானின் உயர்நிலைப் பள்ளி ரக்பி இறுதிச் சுற்றுகள் குளிர்காலந்தோறும் நடக்கும் இடம் அது. ஒசாகாவில் வளர்ந்து ரக்பி ஆடும் எந்தப் பையனுக்கும் அதைவிடப் பெரிய மைதானம் கிடையாது. ஓஹாட்டா அன்று 62 ட்ரைகளோடு களமிறங்கினார். கம்பீசியைத் தாண்ட மூன்று வேண்டும். மூன்றும் வைத்தார். ஜப்பான் 32–7 என்று வென்றது. ஜார்ஜியாவைச் சொத்தை அணி என்று எழுதத் துணிபவர்கள் முதலில் அவர்களுடைய ஸ்க்ரமுக்கு (முன்வரிசை ஆட்டக்காரர்கள் தோள்கோத்து முட்டித் தள்ளுவது) முன்னால் ஒரு தடவை நின்று பார்த்துவிட்டு எழுதட்டும். சொந்த ஊரில், உலகச் சாதனைக்குத் தேவையான மூன்றையும் ஒரே பிற்பகலில் எடுத்தவரைப் பற்றி நாம் பொடி எழுத்தில் வாதாடிக்கொண்டிருக்கிறோம்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது அடுத்த ஆண்டு. 2007 ஜனவரியில் ஒரு காலின் குதிநாண் அறுந்தது. அக்கிலிஸ் தசைநார் என்கிறார்களே, அதுதான். வேகத்தையே நம்பி வாழும் விங்கருக்கு அதைவிடக் கொடிய காயம் இல்லை. சில மாதங்களில் மீண்டு வந்து, உலகக் கோப்பைக்கான அணியோடு ஐரோப்பா வரை போனார். ஆகஸ்டில், உலகக் கோப்பை தொடங்கச் சில நாட்களே இருந்தபோது, போர்ச்சுகலுக்கு எதிரான முன்னோட்ட ஆட்டத்தில் மற்றக் காலின் குதிநாண் அறுந்தது. அந்த உலகக் கோப்பையில் ஜப்பானின் முதல் ஆட்டமே ஆஸ்திரேலியாவோடு, பிறகு வேல்ஸ். "பெரிய அணிகளோடு ஆடட்டும்" என்கிறீர்களே, அந்த வாய்ப்பு வந்த மாதத்தில் அவர் கட்டுப் போட்ட காலோடு கிடந்தார். ஆஸ்திரேலியா 91–3 என்று ஜப்பானை வென்றது; கடைசி ஆட்டத்தில் கனடாவோடு 12–12 என்று சமன் செய்ததுதான், 1991க்குப் பிறகு உலகக் கோப்பையில் ஜப்பான் தோற்காத முதல் ஆட்டம். அதிலும் அவர் இல்லை.

அதன்பின் டெஸ்ட் ட்ரைகளின் எண்ணிக்கை 69ஐத் தாண்டவில்லை. கோபே ஸ்டீலுக்காக ஆடிக்கொண்டிருந்தார். இதுவே கடைசிப் பருவம் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு ஆடிய பருவத்தில், 2011 ஜனவரியில், முழங்கால் காயத்தோடு ஆட்டமே முடிந்துபோனது. 2016 நவம்பரில் உலக ரக்பியின் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள். அவருக்கு முன் அங்கே இடம்பெற்ற ஜப்பானியர் யோஷிஹிரோ சகாட்டா, அவரும் விங்கர்.

ஹபானா, ஓஹாட்டா இருவரில் யார் சிறந்த விங்கர் என்று கேட்டால் நான் தயங்காமல் ஹபானா என்பேன். சென்ற காணொளியில் அரை மணி நேரம் அதைத்தானே செய்தேன்? ஆனால் அதிக ட்ரை வைத்தவர் யார் என்பது வேறு கேள்வி. அதற்கு ஒரே ஒரு விடைதான் இருக்கிறது.

ஓ, முக்கியமானதை விட்டுவிட்டேன், இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஹிரோடோக்கி ஓனோசாவா. ஓஹாட்டாவின் காலத்திலேயே தொடங்கி, அவர் நின்றபிறகும் பல ஆண்டுகள் ஆடிய ஜப்பானிய விங்கர். அவரும் இதே ஆசியச் சுற்றுகளில், இதே எதிரணிகளோடு ஆடியவர், அதுவும் 81 டெஸ்டுகள். அவருடைய ட்ரைகள் 55. மிகச் சிறந்த எண்ணிக்கை, உலக வரிசையில் மேலேயே வருகிறது. எனினும் 23 ஆட்டங்கள் அதிகமாக ஆடியும் 14 ட்ரைகள் குறைவு. எதிரணி பலவீனமாக இருந்தால் யார் வேண்டுமானாலும் 69 வைக்கலாம் என்போர், அந்த 14ஐ எங்கே வைப்பது என்று எனக்கு விளக்க வேண்டும். அடுத்த காணொளி ஓனோசாவாவைப் பற்றியதுதான். அதற்குள் 2003 ஸ்காட்லாந்து ஆட்டத்தில் அவர் வைத்த ட்ரையைப் பார்த்துவிட்டு வாருங்கள், அங்கிருந்தே தொடங்குகிறேன்.