எஃப்எம் நிலையத்துக்கு ஒரு சவுண்ட் கார்டு: வாங்கும் முன்பும் மாட்டிய பின்பும்

வணக்கம் நேயர்களே. சிறிய எஃப்எம் நிலையங்களில் தொழில்நுட்ப வேலை பார்க்கிறவர்களுக்கான பேச்சு இது. தனிப் பெட்டியாக வரும் ஆடியோ பிராசசர் இல்லாமல், ஒரு கணினியும் ஸ்டீரியோ டூல் மாதிரியான மென்பொருளும் ஒரு சவுண்ட் கார்டும் இருந்தால், டிரான்ஸ்மிட்டருக்குப் போக வேண்டிய சிக்னல் முழுவதையும் தயாரித்துவிடலாம். மென்பொருளில் எந்த அமைப்பு நன்றாக ஒலிக்கும் என்று மணிக்கணக்கில் விவாதம் நடக்கும். ஆனால் பெரும்பாலும் கோட்டை விடுவது சவுண்ட் கார்டில்தான்.

டிரான்ஸ்மிட்டருக்கு நாம் அனுப்பப்போவது இடது, வலது என்ற இரண்டு ஆடியோ அல்ல. எம்பிஎக்ஸ் என்கிற ஒரே கூட்டுச் சிக்னல். அதில் 15 கிலோஹெர்ட்ஸ் வரை இடதும் வலதும் கூட்டிய ஒலி இருக்கும். 19 கிலோஹெர்ட்ஸில் பைலட், அதாவது இது ஸ்டீரியோ என்று ரிசீவருக்குச் சொல்லும் அடையாளத் தொனி. 23 முதல் 53 வரை இடதிலிருந்து வலதைக் கழித்த ஒலி, 38 கிலோஹெர்ட்ஸின் இருபுறமும் ஏறி உட்கார்ந்திருக்கும். நிலையத்தின் பெயரை ரிசீவரில் காட்டும் ஆர்டிஎஸ் இருந்தால் அது 57-இல். ஆகவே கார்டு குறைந்தது 60 கிலோஹெர்ட்ஸ் வரை சுத்தமாகத் தர வேண்டும். மாதிரி எடுக்கும் வேகத்தில் (சாம்பிள் ரேட்) பாதி வரைதான் கிடைக்கும் என்பதால் 96 கிலோஹெர்ட்ஸ் கார்டு 48-க்கு மேல் எதையும் தர முடியாது; அது ஆகாது. 192 வேண்டும்.

ஆனால் டப்பாவில் 192 என்று அச்சடித்திருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அது மாதிரி எடுக்கும் வேகம், அவ்வளவுதான். பாட்டுக் கேட்கச் செய்த பல கார்டுகளில், வெளியே வரும் வழியில் உள்ள வடிகட்டி 30, 40 கிலோஹெர்ட்ஸிலேயே சிக்னலை இறக்கத் தொடங்கிவிடும். காதுக்கு அது தெரியாது, ஸ்டீரியோவுக்குத் தெரியும். கழித்த பகுதி கூட்டிய பகுதியைவிட 1 டெசிபல் குறைந்தாலே இடது வலது பிரிவு 25 டெசிபலுக்கு வந்துவிடும். வித்தியாசம் 0.1 டெசிபலுக்குள் இருந்தால் 45 டெசிபல் அளவுக்குக் கிடைக்கும், கட்டமும் (ஃபேஸ்) பிசகாமல் இருந்தால். 120 டெசிபல் டைனமிக் ரேஞ்ச் என்ற விளம்பரத்தைப் பார்த்தும் மயங்க வேண்டாம். எஃப்எம் ரிசீவரில் கடைசியில் கிடைப்பது 60, 70 டெசிபல்தான். அந்தப் பணத்துக்கு இங்கே வேலை இல்லை.

மேல்முனையைவிட அதிகம் ஏமாற்றுவது கீழ்முனை. உச்சம் எல்லை தாண்டாமல் வெட்டும் கிளிப்பர் என்ற பகுதி மென்பொருளில் உண்டு; அது வெட்டிய பேஸ் அலையின் உச்சி மேசைப் பலகை மாதிரி தட்டையாக இருக்கும். சவுண்ட் கார்டின் வெளியீட்டில் டிசியைத் தடுக்க ஒரு கபாசிட்டர் உட்கார்ந்திருக்கும். அது 2 ஹெர்ட்ஸில் வெட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 ஹெர்ட்ஸுக்கும் கீழேதானே, நமக்கென்ன என்று தோன்றும். ஆனால் 50 ஹெர்ட்ஸ் சதுர அலையைச் செலுத்திப் பார்த்தால், தட்டையான உச்சி ஏறக்குறைய 12 சதவீதம் சரிந்து நிற்கும். சரிவின் தொடக்க முனை இருக்க வேண்டிய உயரத்தைவிட 6 சதவீதம் எம்பும். வெட்டு 5 ஹெர்ட்ஸில் இருந்தால் அந்த எம்பல் 15 சதவீதத்தைத் தாண்டும். டீவியேஷன், அதாவது ஒலிக்கேற்ப நிலையத்தின் அலைவரிசை இருபுறமும் நகரும் அளவு, 75 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போகக்கூடாது என்பதால் மொத்தச் சத்தத்தையும் ஒரு டெசிபலுக்கு மேல் இறக்க வேண்டிவரும். மென்பொருளில் அரை டெசிபலுக்காகப் போராடிவிட்டு இங்கே ஒரு டெசிபலைக் கொட்டுகிறோம். அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் ஆர்பன் 1975-இல், உச்சத்தைக் கட்டுப்படுத்தும் லிமிட்டரையும் எம்பிஎக்ஸைத் தயாரிக்கும் ஸ்டீரியோ ஜெனரேட்டரையும் ஒரே பெட்டிக்குள் வைத்து ஆப்டிமாட்-எஃப்எம் 8000-ஐக் கொண்டுவந்ததும் இதே வகைச் சிக்கலுக்காகத்தான்: உச்சத்தைக் கட்டுப்படுத்திய பிறகு வரும் எந்த வடிகட்டியும் அந்த உச்சத்தை மீண்டும் எம்ப வைக்கும்.

ஆகவே கபாசிட்டர் இல்லாமல் டிசி வரை தரும் கார்டு கிடைத்தால் அதையே எடுங்கள். இல்லாவிட்டால் சில மென்பொருள்களில் சரிவை ஈடுகட்டும் அமைப்பு உண்டு. ஆசிலாஸ்கோப்பில் 50 ஹெர்ட்ஸ் சதுர அலையைப் பார்த்துக்கொண்டே, உச்சி தட்டையாகும்வரை அதைத் திருப்புங்கள். ஸ்கோப் டிசி நிலையில் இருக்கட்டும். ஏசியில் வைத்தால் ஸ்கோப்பின் சொந்தச் சரிவையும் சேர்த்துத் திருத்திவிடுவீர்கள். டிரான்ஸ்மிட்டரில் எம்பிஎக்ஸை வாங்கி எஃப்எம் ஆக்கும் எக்சைட்டருக்கும் சொந்தச் சரிவு உண்டு என்பதால், எஃப்எம்மிலிருந்து எம்பிஎக்ஸைத் திரும்ப எடுக்கும் நல்ல டிமாடுலேட்டர் இருந்தால் கடைசிச் சரிபார்ப்பைக் காற்றில் போகும் சிக்னலில் செய்வது மேல்.

இனி கணினி. விண்டோஸில் அந்த கார்டு பொதுப் பயன்பாட்டு நிலையில் 48 கிலோஹெர்ட்ஸ் என்று இருந்தால், மென்பொருள் அனுப்பும் 192-ஐ விண்டோஸ் சத்தமில்லாமல் 48 ஆக்கிவிடும். 24-க்கு மேல் உள்ளதெல்லாம் போய்விடும், 19 பைலட் மட்டும் தப்பும். ரிசீவரில் ஸ்டீரியோ விளக்கு எரியும், கேட்பது மோனோ. ஆளைச் சுற்றவிடும் கோளாறு இது. விண்டோஸின் வேக மாற்றத்தைத் தாண்டி கார்டோடு நேராகப் பேசும் ஏஎஸ்ஐஓ டிரைவர் அல்லது வாசாபியின் தனியுரிமை நிலையைப் பயன்படுத்துங்கள். லினக்ஸில் அல்சா என்ற ஒலி அமைப்பின் எச்டபிள்யூ என்ற நேரடிச் சாதனத்தைக் கொடுங்கள். பிளக் எச்டபிள்யூ என்றால் அதுவும் வேகத்தை மாற்றிவிடக்கூடும். ஒலி மேம்பாடுகள் எல்லாவற்றையும் அணையுங்கள். வால்யூம் முழு அளவில் நிற்கட்டும். எம்பிஎக்ஸ் போகும் கார்டு கணினியின் இயல்பான ஒலிச் சாதனமாக இருக்கவே கூடாது. இருந்தால் விண்டோஸின் எச்சரிக்கை மணி ஊர் முழுக்கக் கேட்கும்.

ஒலி உள்ளே வர ஒரு கார்டு, எம்பிஎக்ஸ் வெளியே போக இன்னொரு கார்டு என்று வைத்தால் இரண்டின் கடிகாரமும் ஒத்துப்போகாது. 48 கிலோஹெர்ட்ஸில் பத்து லட்சத்துக்கு 50 பங்கு வித்தியாசம் என்றால் நொடிக்கு 2.4 சாம்பிள் கூடும் அல்லது குறையும். 1024 சாம்பிள் பஃபர் சுமார் ஏழு நிமிடத்தில் தீர்ந்து ஒரு 'டக்' கேட்கும். சீரான இடைவெளியில் டக் வந்தால் முதலில் கடிகாரத்தைச் சந்தேகியுங்கள். தாறுமாறாக வந்தால் வைஃபை டிரைவர், மின்சேமிப்பு, யுஎஸ்பியைத் தூங்கவைக்கும் அமைப்பு, இவற்றைப் பாருங்கள்.

கேபிள் எம்பிஎக்ஸ் உள்ளீட்டுக்குத்தான் போக வேண்டும். இடது வலது உள்ளீட்டில் 15 கிலோஹெர்ட்ஸ் வடிகட்டி இருக்கும், மேலே உள்ளதெல்லாம் அங்கேயே நின்றுவிடும். மேல்முனை ஒலியைத் தூக்கி அனுப்பும் ப்ரீ எம்ஃபசிஸ் மென்பொருளில் மட்டும்: அமெரிக்காவில் 75 மைக்ரோ நொடி, ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் 50. எக்சைட்டரில் அதையும் லிமிட்டரையும் அணைத்துவிடுங்கள். கார்டில் சூடு, குளிர் என்று இரண்டு சிக்னல் முனைகள் கொண்ட பேலன்ஸ்ட் வெளியீடு இருந்து எக்சைட்டரில் ஒரே சிக்னல் முனை கொண்ட பிஎன்சி இருந்தால், கார்டின் கையேட்டைப் பாருங்கள். இரண்டு முனைகளையும் தனித்தனியாக ஓட்டும் சாதாரண வகையில் குளிர் முனையை இணைக்காமல் விட வேண்டும், அளவு 6 டெசிபல் குறையும். ஒன்றையொன்று ஈடுகட்டும் வகையில் அதே முனையைத் தரையோடு சேர்க்க வேண்டும். ஹம் வந்தால் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுவது பலருக்கும் முதலில் தோன்றும் வழி. இங்கே அது ஆகாது. மேல்முனை, கீழ்முனை இரண்டையும் ஒருசேரக் கெடுக்கும். கணினிக்கும் எக்சைட்டருக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுத்துப் பாருங்கள். கேபிளில் ஃபெரைட் மாட்டுங்கள்.

கடைசியாக அளவு. ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் டம்மி லோடில் டிரான்ஸ்மிட்டரை ஓடவிடுங்கள். 31.19 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையை, மென்பொருளின் 100 சதவீத உச்சத்துக்குச் சமமான டிஜிட்டல் அளவில் கார்டிலிருந்து அனுப்புங்கள். அந்த உச்சம் முழு அளவுக்கு ஒன்றிரண்டு டெசிபல் கீழே இருக்கட்டும். ஸ்பெக்ட்ரம் அனலைசரில் அல்லது கணினியில் செருகும் எஸ்டிஆர் டாங்கிள் என்ற சிறு ரிசீவரில், நிலையத்தின் அலைவரிசையில் நிற்கும் கேரியரைப் பார்த்தபடி, எக்சைட்டரின் உள்ளீட்டு அளவை அடியிலிருந்து மெல்ல ஏற்றுங்கள். நடுவில் நிற்கும் கேரியர் குறைந்துகொண்டே வந்து முதன்முறையாகக் காணாமல் போகும் இடம் சரியாக 75 கிலோஹெர்ட்ஸ் டீவியேஷன். அங்கே நிறுத்தி, அந்தத் திருகைப் பூட்டிவிடுங்கள். பிறகு மென்பொருளில் பைலட்டை 9 சதவீதத்தில் வையுங்கள்.

ஸ்டீரியோவைச் சரிபார்க்க பைலட்டை அணைத்து, இடது பக்கம் மட்டும் 1 கிலோஹெர்ட்ஸ் கொடுத்து எம்பிஎக்ஸை ஸ்கோப்பில் பாருங்கள். நடுக்கோடு நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தால் கார்டு தேறிவிட்டது. கோடு வளைந்து அலைந்தால் மேல்முனை இறங்குகிறது, அல்லது கட்டம் பிசகுகிறது என்று அர்த்தம். இதே சோதனையை 10 கிலோஹெர்ட்ஸிலும் செய்யுங்கள். 1 கிலோஹெர்ட்ஸில் தப்பிய கார்டு பலவும் அங்கே மாட்டிக்கொள்ளும். நன்றி, வணக்கம்.