தேர்ட் பேஸில் நிற்கும் பிள்ளை

நேயர்களுக்கு வணக்கம். நிலையத்துக்கு வரும்போது பையில் ஒரு பந்தையும் எடுத்து வந்தேன். இந்த மேசையில் தட்டுகிறேன், கேளுங்கள். சுத்தியல் அடிப்பது போல் கேட்கிறது அல்லவா? இதுதான் சாஃப்ட்பால். பெயரை வைத்து இது மெத்தென்று இருக்கும் என்றுதான் பெற்றோர் பலர் நினைக்கிறார்கள். சுற்றளவு 12 அங்குலம், எடை 178 கிராமிலிருந்து 198 கிராம் வரை. கிரிக்கெட் பந்து 163 கிராமைத் தாண்டாது.

நான் சேலம் மாவட்டத்துப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பெண் பிள்ளைகளுக்குச் சாஃப்ட்பால் சொல்லிக்கொடுத்த சாயங்காலங்கள்தான் அந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தவை. இன்று ஒரே ஒரு கோரிக்கையோடு வந்திருக்கிறேன். பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டத்தில் பிட்சரும், பேஸ்களை ஒட்டி நிற்கும் மற்ற பிள்ளைகளும் முகத்துக்கு மாஸ்க் போட்டால்தான் களத்தில் இறங்கலாம் என்று விதி வர வேண்டும். கொரோனா காலத்துத் துணி மாஸ்க் இல்லை. நெற்றியிலிருந்து தாடை வரை கம்பியாலோ கெட்டி பிளாஸ்டிக்காலோ செய்த கூடு.

ஆட்டம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். பிட்சர் கையைக் கீழிருந்து சுழற்றிப் பந்தை வீசுவார். எதிரே இருப்பவர் உருண்டையான பேட்டால் அடித்துவிட்டு, 60 அடிக்கு ஒன்றாகத் தரையில் குறித்திருக்கும் இடங்களை, அதாவது பேஸ்களை, வரிசையாகத் தொட்டுச் சுற்றி ஓட வேண்டும். பேட்டருக்குப் பின்னால் உட்காரும் கேட்சருக்கு மாஸ்க், மார்புக் கவசம், கால் கவசம் எல்லாம் உண்டு. பேட்டருக்கு ஹெல்மெட் உண்டு. ஆனால் அடித்த பந்து நேராகப் பாய்கிற இடங்களில் நிற்கும் பிட்சருக்கும், ஃபர்ஸ்ட் பேஸ், தேர்ட் பேஸ் பிள்ளைகளுக்கும் கையில் ஒரு க்ளவுஸ் மட்டும்தான்.

பிட்சர் நிற்கும் தூரம் வளர்ந்த பெண்களுக்கே 43 அடி. சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் கிட்டே. வீசி முடிக்கும்போது ஓர் எட்டு முன்னால் வந்திருப்பார்கள். 11 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அடித்த பந்து மணிக்கு 90 கிலோமீட்டரில் திரும்பி வந்தால் நொடிக்கு 25 மீட்டர். அப்படியானால் அந்தப் பிள்ளைக்குக் கிடைப்பது அரை நொடிகூட இல்லை. வீசிய கை கீழே தொங்கிக்கொண்டிருக்கும், உடம்பு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். பயிற்சி இருந்தால் பிடித்துவிடலாம் என்று நானும் பல வருஷம் சொல்லியிருக்கிறேன். அது தவறு. பயிற்சி கையை வேகமாக்கும், நொடியை நீட்டாது.

ஒரு சித்திரை மாதம். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தேர்ட் பேஸில் நின்றாள். பேட்டர் பந்தை மெதுவாகத் தட்டிவிட்டு ஓடுவாள் என்று எதிர்பார்த்து, "இன்னும் முன்னால வா கண்ணு" என்று கூப்பிட்டது நான்தான். பேட்டர் தட்டவில்லை, ஓங்கி அடித்தாள். பந்து தரையில் ஒரு சரளைக் கல்லில் பட்டுத் திசை மாறி எழும்பி, அவள் கன்னத்தில், கண்ணுக்குச் சற்றுக் கீழே பட்டது. விழுந்தவள் உடனே எழுந்துவிட்டாள். "ஒண்ணுமில்லைங்க மிஸ்" என்றாள். ஐஸ் வைத்தோம். பத்து நிமிஷம் கழித்து, "மேல பாத்தா ரெண்டு ரெண்டா தெரியுதுங்க மிஸ்" என்றாள்.

கண்குழியின் அடிப்பக்க எலும்பு காகிதம் போல மெல்லியது. பெரிய பந்து கண்ணைச் சுற்றியுள்ள எலும்பில் மோதினால், அந்த அழுத்தத்தில் அடித்தளம் உடைந்து, கண்ணை அசைக்கும் தசை பிளவில் சிக்கிக்கொள்ளும். அதனால்தான் அவளுக்கு இரண்டாகத் தெரிந்தது. அறுவை சிகிச்சை செய்தார்கள். பார்வை தப்பியது. ஆனால் அவள் மறுபடி மைதானத்துக்கு வரவில்லை.

அவளுடைய அப்பா சங்ககிரிப் பக்கம் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னிடம் கோபப்படவே இல்லை. "பட்டறையில மாஸ்க் புடிக்காம ராடு வெச்சா மேஸ்திரி கையைப் புடிச்சு நிறுத்திருவாருங்க டீச்சர். கிரவுண்டுல அப்படி நிறுத்த யாரும் இல்லீங்களா?" என்று மட்டும் கேட்டார். நிறுத்த வேண்டியவள் நான். அந்தக் கேள்விதான் இன்று என்னை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறது.

அந்தக் கல்லையும் நான் மறக்கவில்லை. சாஃப்ட்பால் பிறந்தது 1887-ல், சிகாகோவில், ஓர் உள்ளரங்கத்தில். இன்று அமெரிக்காவின் நல்ல மைதானங்களில் பேஸ்களுக்கு நடுவே உள்ள மண்ணைச் சீவி, நீர் தெளித்துச் சமன்படுத்துகிறார்கள். நம் பள்ளி மைதானத்தில் காலையில் பிரேயர், மதியம் சைக்கிள், சாயங்காலம் ஒரு மூலையில் கபடி, இன்னொரு மூலையில் கோ-கோ. மழை பெய்தால் சரளை மேலே வந்துவிடும். ஆட்டத்துக்கு முன்னால் பிள்ளைகளை வரிசையாக நடக்கவிட்டுக் கல் பொறுக்கச் சொல்வேன். எவ்வளவு பொறுக்கினாலும் ஒன்று மிஞ்சும். சமதரையிலேயே அடிபடும்போது, நம் தரையில் ஆடும் பிள்ளைக்கு மாஸ்க் இன்னும் அதிகமாகத் தேவை.

சரி, விருப்பம் உள்ளவர்கள் போட்டுக்கொள்ளட்டுமே என்று கேட்பார்கள். விபத்துக்குப் பிறகு நான் முதலில் செய்ததும் அதுதான். இரண்டு மாஸ்க் வாங்கி வைத்தேன், தொங்கிக்கொண்டேதான் இருந்தன. ஒருத்தி போட்டுக்கொண்டு போனால் எதிரணிப் பிள்ளைகள் "பயந்தாங்கொள்ளி" என்று கத்துவார்கள், அடுத்த இன்னிங்ஸில் கழற்றிவிடுவாள். பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் நாம் எதை விட்டிருக்கிறோம் பாருங்கள்! தன் கண்ணா, தோழிகளின் சிரிப்பா என்று அவளையே முடிவெடுக்கச் சொல்கிறோம். எல்லோரும் போட்டே ஆக வேண்டும் என்றால் இந்தக் கேலிக்கு இடமே இல்லை. 2015 ஜூலை 1 முதல் இருசக்கர வாகனத்தில் ஹெல்மெட் கட்டாயம் என்று உயர் நீதிமன்றம் சொல்வதற்கு முன்னால், ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஹெல்மெட்டோடு ஏறுகிறவரைத் திரும்பிப் பார்த்தார்கள். இன்று யாரும் பார்ப்பதில்லை.

இன்னொரு பேச்சு என்னை வருத்துகிறது. "பொம்பளைப் பிள்ளை முகம், நாளைக்கு ஒரு கல்யாணம் காட்சின்னு இருக்கு, மாஸ்க் போட்டா நல்லதுதான்" என்று எனக்கு ஆதரவாகவே சிலர் சொல்கிறார்கள். அந்த ஆதரவு எனக்கு வேண்டாம். முகம் என்றால் கண்ணும் பல்லும் மூச்சுவிடும் மூக்கும்தான். பையனுக்கும் அதே எலும்புதான், அவனுக்கும் அதே விதிதான் இருக்க வேண்டும். அந்த விபத்து நடந்த வாரத்தில் மூன்று அம்மாக்கள் வந்து தங்கள் பெண்களை டீமிலிருந்து எடுத்துக்கொண்டு போனார்கள். மூவருமே நன்றாக ஓடுகிற பிள்ளைகள். மாஸ்க் இருந்திருந்தால் அவர்களிடம் பேச எனக்கு ஒரு வார்த்தையாவது இருந்திருக்கும்.

கம்பி பார்வையை மறைக்கும் என்கிறார்கள். ஆட்டத்தில் மிக அதிகப் பந்துகளைப் பிடிக்கிற கேட்சர் கம்பி வழியாகத்தான் பார்க்கிறாள். ஒரு வாரம் போட்டுப் பழகினால் கம்பி இருப்பதே மறந்துபோகும். சேலத்து வெயிலில் புழுங்கும் என்பது உண்மை. நெற்றிப் பஞ்சு நனைந்துவிடும். அதற்குத் தண்ணீர் இடைவேளையைக் கூட்டலாம், பஞ்சைக் கழுவிக் காயவைக்கலாம். அதே நேரம், மாஸ்க் போட்டால் தலையில் அதிர்ச்சியே வராது என்றும் யாரும் நம்ப வேண்டாம். அது எலும்பையும் கண்ணையும் பல்லையும் காக்கும், மூளைக்குள் ஏற்படும் குலுக்கலுக்கு உத்தரவாதம் தராது. தலையில் பலமாகப் பட்டால் மாஸ்க் இருந்தாலும் பிள்ளையை வெளியே கூப்பிட்டுவிட வேண்டும்.

கிரிக்கெட்டிலிருந்தும் கற்றுக்கொள்ளலாம். சின்னப்பம்பட்டி நடராஜனைப் பார்த்து வளரும் நம் பையன்கள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு பேட் பிடிப்பதை யாரும் கோழைத்தனம் என்பதில்லை. அங்கேயும் பேட் பிடிக்காதவர்களுக்கு அடிபட்டிருக்கிறது. 1998-ல் டாக்காவில், பேட் பிடிப்பவருக்கு மிகக் கிட்டே உள்ள ஷார்ட் லெக் இடத்தில் ஹெல்மெட் இல்லாமல் நின்ற இந்திய வீரர் ராமன் லம்பா, பந்து தலையில் பட்டு மூன்றாம் நாள் இறந்துபோனார். 2012-ல் தென்னாப்பிரிக்க விக்கெட் கீப்பர் மார்க் பவுச்சரின் இடது கண்ணில், ஸ்டம்புகளின் மேல் வைக்கும் பெயில் கட்டை பறந்து வந்து பட, அவருடைய ஆட்டம் அத்தோடு முடிந்தது. அமெரிக்கப் பள்ளி சாஃப்ட்பாலில் 2006 முதல் பேட்டரின் ஹெல்மெட்டில் முகத் தடுப்பு கட்டாயம். களத்தில் நிற்பவர்களுக்குச் சில ஊர் லீக்குகள் தாங்களாகவே கட்டாயமாக்கியிருக்கின்றன.

யார் வாங்குவது? பெற்றோர் தலையில் கட்டினால் இந்த விதி ஏழைப் பிள்ளையை வெளியே தள்ளிவிடும். கேட்சரின் மாஸ்க்கைப் பிள்ளை வீட்டிலிருந்தா கொண்டுவருகிறாள்? பள்ளியின் விளையாட்டுச் சாமான்களோடு அது வருகிறது, இதுவும் அப்படியே வரட்டும். பேட்டரின் ஹெல்மெட் கம்பியோடு இருக்கட்டும். பிட்சருக்கும், பேஸ்களை ஒட்டி நிற்கும் நான்கு பேருக்கும் சேர்த்து, ஒரு டீமுக்கு ஐந்து மாஸ்க் போதும். தூரத்தில் நிற்கும் மூவருக்குப் பந்தைப் பார்க்க நேரம் இருக்கிறது, அவர்களுக்குக் கட்டாயம் வேண்டாம். வாங்கும்போது தாடைப் பட்டை இறுகுகிறதா, பின்னலைக் கட்ட இடம் இருக்கிறதா என்று பிள்ளைக்குப் போட்டுப் பாருங்கள். தளர்ந்த மாஸ்க் பந்து பட்டதும் நழுவி மூக்கிலேயே இடிக்கும்.

விதி வரும்வரைக்கும் பயிற்சியாளர்களுக்கு ஒன்று. பல் விழுந்தால் வேரைத் தொடாமல் மேற்பகுதியைப் பிடித்து எடுத்து, பாலில் போட்டு, அரை மணிக்குள் பல் மருத்துவரிடம் ஓடுங்கள். கண்ணில் பட்டால் தேய்க்காதீர்கள், அழுத்தாதீர்கள். இரண்டாகத் தெரிகிறதா என்று பிள்ளையிடம் கேளுங்கள்.

குறுவட்டப் போட்டிகளை நடத்தும் ஆசிரியர்களே, மாநில விதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நம் மாவட்டத்தில் நாமே தொடங்கலாம். ஆட்டத்துக்கு முன்னால் கேட்சருக்கு மாஸ்க் இருக்கிறதா என்று அம்பயர் பார்க்கிறார். அங்கிருந்து இன்னும் 60 அடி நடந்து, தேர்ட் பேஸில் நிற்கும் பிள்ளையையும் பார்த்துவிட்டு வந்து ஆட்டத்தைத் தொடங்கட்டும். நன்றி, வணக்கம்.