பெனால்டியா, இரண்டாம் டிவிஷனா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். செக் நாட்டுக் கால்பந்துத் தடுப்பாட்டக்காரர் மிரோஸ்லாவ் காத்லெத்ஸின் பெருமை அவர் அடித்த பெனால்டியிலா, அதற்கப்புறம் இரண்டாம் டிவிஷனில் போய் ஆடியதிலா என்பது தலைப்பு. இரண்டாவதுதான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் அந்தப் பெனால்டியை அழகாகவே சொன்னார். 1996 ஜூன் 26, மான்செஸ்டர், ஐரோப்பியக் கோப்பை அரையிறுதி. நான்கு செக் வீரர்களுக்கு ஆடத் தடை. கூடுதல் நேரத்திலும் கோல் விழவில்லை. பெனால்டி ஷூட்-அவுட்டில் ஐந்துக்கு ஐந்து. பிரான்ஸின் பெத்ரோ உதைத்ததைக் கோல்கீப்பர் கோவ்பா பிடித்து நிறுத்த, காத்லெத்ஸ் வந்து அடித்து முடித்தார். சரி, யார் மறுத்தார்கள்? ஆனால் அது ஒரே ஒரு உதை ஐயா!

அதற்கு முந்தைய மாதத்துக்கு வாருங்கள். மே 18, அவருடைய கைசர்ஸ்லாட்டர்ன் கிளப் முதல் முறையாக ஜெர்மனியின் முதல் டிவிஷனான பன்டெஸ்லிகாவிலிருந்து இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. ஒரு வாரம் கழித்து அதே அணி ஜெர்மன் கோப்பையை வென்றது! ஜூன் 30, வெம்ப்ளி இறுதிப் போட்டியில் இவர் செக் அணியின் கேப்டன். கூடுதல் நேரத்தில் முதலில் கோல் போடுபவருக்கே வெற்றி என்ற கோல்டன் கோல் விதியில் ஜெர்மனியிடம் தோல்வி. இத்தனையும் ஆறே வாரத்தில்.

வயது 32. கிளப்பை விட்டுவிட்டுப் போயிருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்கள்? போகவில்லை. சக நாட்டவர் பவேல் குகாவும் போகவில்லை. காத்லெத்ஸ் ஆடியது லிபெரோ இடம். தடுப்பு வரிசைக்கும் பின்னால், கடைசி ஆள். முன்னால் நிற்பவர் ஏமாந்தால் ஓடிப்போய் அடைக்க வேண்டும், பந்து கிடைத்ததும் ஆட்டத்தைத் தொடங்கியும் வைக்க வேண்டும். அந்த வேலையை இரண்டாம் டிவிஷனின் சின்ன மைதானங்களில் ஒரு பருவம் முழுக்கச் செய்தார். 1997-ல் மேலே வந்தார்கள். முதல் ஆட்டமே முனிக்கில். அந்த ஊர் அணியான பயர்னை 1-0 என வென்றார்கள். 1998-ல் 68 புள்ளிகளோடு சாம்பியன், பயர்னுக்கு 66. மேலே ஏறிய உடனேயே பட்டம் வென்ற அணி பன்டெஸ்லிகாவில் வேறு கிடையாது.

வீட்டையும் பாருங்கள். அணி இறங்கியபோது மகன் மிஹாலுக்கு 11 வயது. அப்பா அந்த முடிவை எடுத்ததைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, அவரும் தடுப்பாட்டத்துக்கே வந்தார். 2012 ஐரோப்பியக் கோப்பையில் போலந்துக்கு எதிராக செக் அணி 1-0 முன்னிலை, ஆட்டம் முடியும் தறுவாய். கோல்கீப்பர் பெத்ர் செக்கைத் தாண்டிய பந்தைக் கோல் கோட்டிலிருந்து தலையால் தட்டிவிட்டவர் அவர்தான்.

பெனால்டிக்குக் கைதட்டுங்கள், நானும் தட்டுகிறேன். தீர்ப்பை மட்டும் அந்த 1996-97 பருவத்துக்குத் தாருங்கள் நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.