நிலாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு

நேயர்களுக்கு வணக்கம்.

பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். மாதத்தில் இரண்டு மூன்று மாலைகள் மதுரை வண்டியூர் தெப்பக்குளத்துப் படிக்கட்டருகே ஒரு சிறிய தொலைநோக்கியை நிறுத்திவைக்கிறேன். காற்று வாங்க வருகிறவர்களும் சுண்டல் வாங்க வருகிறவர்களும் வரிசையில் நின்று நிலாவைப் பார்ப்பார்கள். கட்டணம் கிடையாது. ஆனால் ஆளுக்கு ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அப்படிச் சேர்ந்த கேள்விகளில் சிலவற்றை இன்று எடுத்து வந்திருக்கிறேன்.

"நிலா எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?" என்றுதான் பலரும் தொடங்குவார்கள். சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் என்று சொன்னால் தலையாட்டுவார்கள். மனத்தில் ஒன்றும் தங்காது. அதனால் பையில் உரித்த தேங்காய் ஒன்றும் எலுமிச்சம்பழம் ஒன்றும் வைத்திருப்பேன். தேங்காய் பூமி, எலுமிச்சை நிலா. பருமனில் ஏறக்குறைய அதே விகிதம்தான். தேங்காயைப் படியில் வைத்துவிட்டு, எலுமிச்சையை எங்கே வைக்கலாம் என்று கேட்பேன். ஒரு சாண் தள்ளி வைப்பார்கள். தாராள மனசுக்காரர்கள் ஒரு முழம். உண்மையில் 12 அடி தள்ளிப் போக வேண்டும். இடையில் முப்பது தேங்காய்களை அடுக்கலாம். பாடப்புத்தகப் படங்கள் தாளில் இடம் போதாமல் இரண்டையும் ஒட்டி ஒட்டி வரைந்து நம்மைக் கெடுத்து வைத்திருக்கின்றன.

ஒரு சிறுமி கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவள், "நிலா ஓடிவிட்டது தாத்தா" என்றாள். ஓடியது நிலா அல்ல. பூமி சுழல்வதால் இரண்டு நிமிடத்தில் நிலா தன் அகலம் அளவுக்கு நகர்ந்துபோகும். வெறுங்கண்ணுக்குத் தெரியாத அந்த வேகத்தைத் தொலைநோக்கி காட்டிக்கொடுத்துவிடுகிறது. "அப்படியென்றால் நாமும் ஓடுகிறோமா?" என்று கேட்டுவிட்டுப் படியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

தைப்பூசத் தெப்பத்தன்று மாலையில் எழும் நிலாவைப் பார்த்தவர்கள், தாம்பாளம் போல இருந்தது, மேலே ஏறியதும் சிறுத்துவிட்டதே என்பார்கள். அது சிறுக்கவில்லை. அடுத்த முறை ஒரு மிளகை விரல் நுனியில் பிடித்துக் கையை முழுக்க நீட்டி, எழும்போது ஒரு தடவையும் உச்சிக்கு வந்த பிறகு ஒரு தடவையும் மறைத்துப் பாருங்கள். இரண்டு வேளையும் அதே மிளகுதான் மறைக்கும். சொல்லப்போனால், அடிவானத்தில் இருக்கும் நிலாதான் நமக்குக் கொஞ்சம் தூரம். ஏமாறுவது கண் அல்ல, மூளை.

ஒரு கல்லூரி மாணவர் என்னை மடக்கப் பார்த்தார். "நிலா எப்போதும் ஒரே முகத்தைத்தானே காட்டுகிறது? அப்படியானால் அது தன்னைத்தானே சுழலவில்லை என்றுதானே ஆகிறது?" நல்ல கேள்வி. மீனாட்சியம்மன் கோயில் ஆடி வீதியில் வலம் வந்திருக்கிறீர்களா என்று கேட்டேன். கிழக்கு ஆடி வீதியில் நடக்கும்போது உங்கள் முகம் தெற்கே பார்க்கிறது. மூலையில் திரும்பினால் மேற்கே, அடுத்த மூலையில் வடக்கே, பிறகு கிழக்கே. ஒரு சுற்று முடிவதற்குள் நான்கு திசைகளையும் பார்த்துவிட்டீர்கள். அதாவது நீங்களும் ஒரு முறை சுழன்றுவிட்டீர்கள். ஆனால் சன்னதிக்கு உங்கள் வலது தோள் மட்டும்தான் தெரிந்தது; இடது தோள் கடைசிவரை தெரியவே இல்லை. நிலாவும் அப்படித்தான். சுற்றிவர 27.3 நாள், சுழலவும் அதே 27.3 நாள். முன்பு அது வேகமாகச் சுழன்றுகொண்டிருந்தது. பூமியின் ஈர்ப்பு பிடித்து இழுத்து இழுத்து இந்தக் கணக்குக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. (வடக்கே உயரத்திலிருந்து குனிந்து பார்த்தால் நிலா நம்மை இடமாகத்தான் சுற்றுகிறது. அந்த அபச்சாரத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.) நிலா நமக்குக் காட்டாத அந்த இடது தோளை மனிதன் முதலில் படத்தில் பார்த்தது 1959இல், சோவியத் நாட்டின் லூனா 3 விண்கலம் வழியாக. அதை இருண்ட பக்கம் என்பது தவறு. நமக்கு அமாவாசையாக இருக்கும் அன்று அந்தப் பக்கம் முழு வெயிலில் காய்கிறது.

பூக்கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் கேட்டதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. "நட்சத்திரம் 27. ஆனால் பௌர்ணமிக்குப் பௌர்ணமி 29 நாள், 30 நாள் ஆகிறது. மிச்ச நாள் எங்கே போயிற்று?" பஞ்சாங்கம் பார்த்துப் பழகியவர்தான் இப்படிக் கேட்க முடியும். புறப்பட்ட நட்சத்திரத்துக்கு நிலா 27.3 நாளில் திரும்பிவிடுகிறது. ஆனால் அதற்குள் பூமி சூரியனைச் சுற்றிக் கொஞ்சம் நகர்ந்திருக்கும். மறுபடி சூரியனுக்கு நேர் எதிரே வந்து நிற்க நிலா இன்னும் இரண்டு நாளுக்குச் சற்று மேலே நடக்க வேண்டும். மொத்தம் 29.5. கடிகாரத்தில் பெரிய முள் 60 நிமிடத்தில் சுற்றி வந்தாலும் சின்ன முள்ளைப் பிடிக்க 65 நிமிடத்துக்கு மேல் ஆகிறதல்லவா, அதே கதை. பெரியவர் தம் கைக்கடிகாரத்தைக் கழற்றித் திருகிப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டார்.

மாதாமாதம் கிரகணம் வராததற்குக் காரணம், பூமி சூரியனைச் சுற்றும் பாதைக்கு நிலாவின் பாதை 5 பாகை சாய்ந்திருப்பது. பெரும்பாலும் அது நிழலுக்கு மேலாகவோ கீழாகவோ நழுவிவிடும். பாதைகள் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகளைத்தான் நம்மவர்கள் ராகு, கேது என்று கணக்கில் வைத்தார்கள். 2019 டிசம்பர் 26 காலையில் திண்டுக்கல் பக்கம் சூரியன் வளையமாக நின்றதே, அன்று நிலா நேராகத்தான் வந்தது. தொலைவில் இருந்ததால் சூரியனை முழுக்க மூட முடியவில்லை.

"மனிதன் அங்கே போனது நிஜமா?" ஒவ்வொரு முறையும் தவறாமல் வரும் கேள்வி. 1969இல் அப்பல்லோ 11இல் போனவர்கள் ஒளியைத் திருப்பி அனுப்பும் கருவி ஒன்றை அங்கே வைத்துவிட்டு வந்தார்கள். இங்கிருந்து லேசர் ஒளியைப் பாய்ச்சினால் சுமார் இரண்டரை நொடியில் திரும்பி வருகிறது. அந்த அளவீடுகளிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது: நிலா ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிப் போகிறது. அவர்கள் போய் வந்த பிறகு இதுவரை ஓர் ஆள் உயரத்துக்கு மேல் தள்ளிப் போய்விட்டது. நிலா கடலை இழுக்கிறது. வேகமாகச் சுழலும் பூமி, எழும்பிய நீரை முன்னே தள்ளிக்கொண்டு போகிறது. அந்த நீர் நிலாவை முன்னுக்கு இழுத்துப் பாதையை அகலப்படுத்துகிறது. தெப்பக்குளத்திலும் இந்த ஏற்றம் உண்டா என்றால், கண்ணால் காணும் அளவுக்கு இல்லை. அதற்குக் கடல் வேண்டும்.

சித்திரைப் பௌர்ணமியன்று அழகர் ஆற்றில் இறங்கும் நேரம். கிழக்கே வெளுத்துக்கொண்டிருந்தது. நான் நின்ற இடத்தில் கூட்டம் முழுவதும் தங்கக் குதிரையை நோக்கி நின்றது. எங்கள் முதுகுக்குப் பின்னால், மேற்கே, கட்டடங்களுக்குச் சற்று மேலே, சித்திரை நட்சத்திரத்தோடு இரவெல்லாம் நடந்து வந்த முழு நிலா மங்கி இறங்கிக்கொண்டிருந்தது. சூரியன் ஒரு முனை, நிலா மறுமுனை, நடுவே வைகை மணலில் நாம். பக்கத்தில் சர்க்கரைச் சொம்போடு நின்ற அம்மாவிடம், "கொஞ்சம் பின்னால் பாருங்கள் அம்மா" என்றேன். திரும்பினார். "அட, இவரும் வந்திருக்கிறாரா!" என்றார். சூடத்தை ஏற்றி அழகருக்குக் காட்டிவிட்டு, சொம்பை மேற்குப் பக்கமும் ஒரு முறை தூக்கிக் காட்டினார்.