பார்பிக்யூ ரிப்ஸுக்கு எந்தக் கத்தி?

[காட்சி: வெட்டுப்பலகையில் முழு பன்றி விலா, எலும்புப் பக்கம் மேலே]

வணக்கம். அமெரிக்காவுல பார்பிக்யூ போடுறவங்க ஸ்பேர் ரிப்ஸ்னு சொல்றது இதைத்தான். பன்றியோட விலா, நெஞ்சுப் பக்கத்துக் குருத்தெலும்போட சேர்த்து. புகையில வைக்கிறதுக்கு முன்னாடி இதைச் செதுக்கணும், வெந்ததுக்கு அப்புறம் துண்டு போடணும். ரெண்டும் வேற வேற வேலை. அதனால கத்தியும் ரெண்டு வேணும்ங்கிறது என் கட்சி. பச்சைக் கறி பட்ட கத்தி வெந்த கறியில படக்கூடாது, அதுவும் ஒரு காரணம்.

[காட்சி: வளைந்த அலகுள்ள போனிங் கத்தி]

செதுக்கறதுக்கு போனிங் கத்தி, அதாவது எலும்புல இருந்து கறியைப் பிரிக்கிற கத்தி. அலகு 6 இன்ச், ஒல்லியா, நுனி லேசா மேல வளைஞ்சு இருக்கணும். இதுல அலகை அழுத்தினா நல்லா வளையறது, கொஞ்சமா வளையறது, வளையவே வளையாததுன்னு மூணு வகை உண்டு. நடுவுல இருக்கிறதை எடுங்க. ரொம்ப வளையற அலகு மீனுக்குச் சரி, குருத்தெலும்புல அழுத்தினா பக்கவாட்டுல ஓடிடும்.

[நெருக்கக் காட்சி: விரல் நுனி, கத்தி நுனி]

ஏன்னு பாருங்க. மிசௌரி மாநிலத்து ஊர் பேரால செயின்ட் லூயிஸ் கட்னு ஒண்ணு இருக்கு. கீழ இருக்கிற குருத்துப் பட்டையை நீக்கி, விலாவை நீளச் சதுரமா ஆக்கறது. இருக்கறதுலயே நீளமான எலும்பைக் கண்டுபிடிங்க. அது முடியற இடத்துல கத்தி நுனியால குத்திப் பாருங்க. 'கடக்'னு நின்னா எலும்பு. அரை இன்ச் தள்ளிக் குத்துங்க. 'கறுக்'னு இறங்கினா அதுதான் குருத்து, அதுதான் நம்ம கோடு. அங்கிருந்து நேரா இழுத்துட்டுப் போகலாம். நீக்கின பட்டையை வீணாக்காதீங்க. சிகாகோவோட தெற்குப் பகுதியில அதை ரிப் டிப்ஸ்னு தனியாவே விக்கிறாங்க.

பின்பக்கத்து ஜவ்வை உரிக்கக் கத்தியே வேண்டாம். ஸ்பூன் காம்பால ஒரு ஓரத்தைத் தூக்கி, பேப்பர் டவலால பிடிச்சு இழுங்க.

[காட்சி: விளிம்பு சில்லு போன கத்தி]

இப்போ எஃகு. இதுலதான் நான் அடி வாங்கினேன். எஃகோட கடினத்தை அளக்கிற ராக்வெல் கணக்குல 61 இருக்கிற ஜப்பானியக் கத்தி ஒண்ணு வாங்கினேன். தக்காளி மேல வெச்சாலே இறங்கும். ரெண்டாவது விலாவுலயே எலும்புல இடிச்சு, விளிம்புல நொய்யரிசி அளவுக்கு ஒரு சில்லு தெறிச்சது. எங்க போச்சுன்னு தேடிப் பார்த்தேன், கிடைக்கல. அந்த விலா முழுசையும் குப்பையில போட்டேன். எலும்புகிட்ட வேலை செய்யற கத்திக்கு 56 சுத்தி இருந்தா போதும். அது மழுங்கும், ஆனா சில்லு போகாது. மழுங்கினா தீட்டிக்கலாம். விக்டோரினாக்ஸ் கம்பெனியோட ஃபைப்ராக்ஸ் கத்தி அந்த ரகம். பிடி பளபளப்பா இல்லாம சொரசொரன்னு இருக்கிறதும் முக்கியம். கையில கொழுப்பு ஒட்டியிருக்கும்போது வழவழப்பான பிடி நழுவும்.

[காட்சி: புகையில் வெந்த விலா, கருத்த மேல்தோல்]

துண்டு போடறதுக்கு 10 இன்ச் ஸ்லைசர், அதாவது நீளமான, ஒல்லியான அலகுள்ள கத்தி. செதுக்கின விலாவோட அகலமே 5, 6 இன்ச் வரும். ஒரே இழுப்புல வெட்டணும்னா அலகு அதைவிட நல்லா நீளமா இருக்கணும். சின்னக் கத்தியால முன்னும் பின்னும் அறுத்தா, மேல இருக்கிற கருத்த தோல், பார்க்னு சொல்வாங்க, அது பிய்ஞ்சு வரும். பல் வெச்ச ரொட்டிக் கத்தியும் அதையேதான் செய்யும். கன்சாஸ் சிட்டி பார்பிக்யூ சொசைட்டி போட்டிகள்ல சுவைக்கும் மென்மைக்கும் மட்டுமில்ல, தோற்றத்துக்கும் மார்க் உண்டு. ஆறு நாள் கஷ்டப்பட்டுக் கலந்த மசாலாவா இருந்தாலும், கத்தி பிய்ச்சா அங்கேயே மார்க் போயிடும்.

[நெருக்கக் காட்சி: விலாவைக் கவிழ்க்கும் கை]

அடுப்புல இருந்து எடுத்ததும் வெட்டாதீங்க, 15 நிமிஷம் விடுங்க. அப்புறம் எலும்புப் பக்கம் மேல வர்ற மாதிரி கவிழ்த்துப் போடுங்க. கறிப் பக்கம் பார்த்தா எலும்பு எங்க வளையுதுன்னு தெரியாது, எலும்புப் பக்கம் ஒவ்வொண்ணும் தெரியும். அலகுல பிடிகிட்ட இருக்கிற பகுதியை ரெண்டு எலும்புக்கு நடுவுல வெச்சு, எலும்பு எப்படிச் சாஞ்சிருக்கோ அப்படியே அலகையும் சாய்ச்சு, நுனி வரைக்கும் இழுங்க. அழுத்த வேண்டாம்.

[காட்சி: பலகையில் வரிசையாகத் துண்டுகள்]

ஓரத்துல எலும்பில்லாம ஒரு சின்னத் துண்டு மிஞ்சும். உப்பும் காரமும் அதுலதான் தூக்கலா இருக்கும். பரிமாறறதுக்கு முன்னாடி அதைத் தின்னு பாருங்க, சாஸ் வேணுமா வேண்டாமான்னு அதுவே சொல்லிடும்.