முதுகில் ஏறும் எடை

நேயர்களுக்கு வணக்கம். அம்பத்தூரில் பட்டறை வைத்திருப்பவனுக்குக் காட்டுத்தீயோடு என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் தீயில் சிக்கி மாண்டார்கள். அவர்களில் நம் சென்னையிலிருந்து போனவர்களும் உண்டு. அதன் பிறகே நான் இந்தப் பக்கம் திரும்பினேன்.

முதலில் செய்தது, முதுகில் மாட்டும் தண்ணீர்த் தெளிப்பான். 20 லிட்டர் பிடிக்கும். அதாவது தண்ணீர் மட்டுமே 20 கிலோ. பட்டறைத் தரையில் நின்று தூக்கியபோது எனக்கு அது பெரிதாகப் படவில்லை. சரிவில் அதைச் சுமந்து ஏறிய தீத்தடுப்புக் காவலர் பாதி வழியிலேயே இறக்கி வைத்தார். "காலியானால் எந்த ஓடையில் நிரப்புவது, ஐயா?" என்று கேட்டுவிட்டு, தீயை அடித்து அணைக்கப் பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு மேலே நடந்தார். மார்ச் மாதத்தில் ஓடை ஏது! எனக்கு வாய் அடைத்துப்போனது.

காட்டில் தீயைப் பெரும்பாலும் தண்ணீரே இல்லாமல்தான் மறிக்கிறார்கள். சருகையும் புல்லையும் வழித்தெடுத்து, வெறும் மண் தெரியக் கோடு போட்டால், எரிய ஒன்றுமில்லாமல் தரைத்தீ அங்கே நின்றுவிடும். காற்று பலமாக அடித்தால் பொறி கோட்டைத் தாண்டிவிடும் என்பது வேறு கதை.

அமெரிக்காவில் 1910 பெருந்தீயின்போது தன் ஆட்களைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோய்ப் பெரும்பாலோரைக் காப்பாற்றியவர் எட் புலாஸ்கி என்ற வன அலுவலர். ஒரு பக்கம் கோடரி, மறுபக்கம் களைக்கொத்து போன்ற அலகு என அவர் செம்மைப்படுத்திய கருவி அவர் பெயரிலேயே இன்றும் புழங்குகிறது. ஒரே காம்பில் இரண்டு வேலை, சுமையோ ஒன்றுதான். என் தெளிப்பானை நினைத்து வெட்கப்பட்டேன்.

இப்போது செயற்கைக்கோள் வெப்பத்தைக் கண்டு, இந்திய வன அளவை நிறுவனம் வழியாகக் கைபேசிக்கு எச்சரிக்கை அனுப்புகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் செயற்கைக்கோளில் உள்ள சில கருவிகளின் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 375 மீட்டர் அகலம். அதற்குள் தீ எந்த மலை மடிப்பில் இருக்கிறது என்பதை நடந்துபோய்த்தான் பார்க்க வேண்டும்.

கோடு போடச் சருகு ஊதும் இயந்திரம் வேகமானது, ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் முதுகில் பெட்ரோலோடு தீயின் அருகில் நிற்பவருக்கு எந்நேரமும் கவனம் அந்தப் பெட்ரோல் மேலேயே இருக்கும்.

எனவே நான் இப்போது செய்வது சாதாரண இரும்புச் சருகுவாரி. அதன் துளையை உள்ளூர் மண்வெட்டிக் காம்பின் கனத்துக்கே வைத்திருக்கிறேன். காம்பு முறிந்தால் அங்கேயே வேறொன்றைச் செருகிக்கொள்ளலாம். அதே காவலரிடம்தான் கொடுத்திருக்கிறேன். எடையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. பற்களின் இடைவெளி அதிகம், சருகு நழுவுகிறது என்கிறார். அடுத்த வாரம் மாற்றிக்கொண்டு போகிறேன்.

நன்றி, வணக்கம்.