மாட்டுக்காரரைக் கேளுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். பிரான்ஸ் என்றதும் நமக்கு ஒயின்தான் நினைவுக்கு வரும். ஆனால் வடகோடியில், பெல்ஜிய எல்லையை ஒட்டிய பிளாண்டர்ஸ் பகுதி பியர் நாடு. அந்தக் கிராமங்களில் சின்னச் சின்ன பியர் ஆலைகளைத் தேடி அலைவது என் நெடுநாள் பைத்தியம். காரோட்டிக்கொண்டு போகிறவன் நான். நாக்கை நனைப்பதோடு சரி.

மால்ட் என்ற வார்த்தை உங்களுக்குப் புதிதல்ல. கேழ்வரகை ஊறவைத்து, துணியில் முடிந்து, முளைவிட்டதும் காயவைத்து, வறுத்து அரைத்து ராகி மால்ட் என்கிறோமே, அதேதான். அங்கே பார்லி. முளைவிடும்போது மாவைச் சர்க்கரையாக்கும் நொதிகள் தானியத்துக்குள் உருவாகின்றன. நாம் மாவோடு சேர்த்துக் கஞ்சியாகக் குடித்துவிடுகிறோம். அவர்கள் வெந்நீரில் ஊறவைத்து இனிப்புச் சாற்றை மட்டும் இறக்குகிறார்கள். ஹாப்ஸ் என்ற கசப்பான கொடிப்பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட் சேர்த்தால் பியர். அப்போது சக்கை மிஞ்சுகிறதல்லவா? என் கதையே அந்தச் சக்கைதான்.

முதல் தடவை வழி தவறி ஒரு வயலோரம் நின்றேன். போர்டு எதுவும் இல்லை. டிராக்டரில் வந்தவரைக் கேட்டதற்கு, "நானும் அங்கேதான் போகிறேன், பின்னாலேயே வாருங்கள்" என்றார். ஆலையின் பின்கதவில் ஆவி பறக்கும் சக்கையை மண்வெட்டியால் அள்ளி அவர் தொட்டியில் கொட்டினார்கள். கஞ்சி அடிப்பிடிப்பதற்குச் சற்று முன்னால் ஒரு மணம் வருமே, அந்த மணம். பிறகு அவர் பண்ணைக்கும் போனேன். டிராக்டர் சத்தம் கேட்டதுமே மாடுகள் வேலியோரம் வரிசை கட்டிவிட்டன, புண்ணாக்கு வாளிச் சத்தத்துக்கு நம் ஊர் மாடு கயிற்றை இழுக்குமே, அப்படி. சர்க்கரை சாறோடு போனாலும் புரதம் சக்கையில் நிற்கிறது.

அன்றிலிருந்து எந்த ஊர் போனாலும் முதலில் மாட்டுக்காரரைத்தான் கேட்பேன். லேபிளில் ஊர்ப் பெயரைப் போட்டுவிட்டு வேறெங்கோ காய்ச்சி வரும் பியரும் உண்டு. சக்கை வாங்கிப் போக ஆள் வந்தால் அங்கேயே காய்ச்சுகிறார்கள் என்று பொருள். மறுபடியும் சொல்கிறேன், மாட்டுக்காரரைக் கேளுங்கள்.

ஒரு காலத்தில் அந்தப் பக்கம் ஊருக்கு ஊர் ஆலை இருந்தது. முதல் உலகப் போரில் ஜெர்மன் படை செப்புக் கொப்பரைகளைக் கழற்றிப் போனது. அப்புறம் பெரிய கம்பெனிகள் வந்தன. தாக்குப்பிடித்ததில் ஒன்று, சற்றுத் தள்ளி ஜான்லேனில் 1922இல் தொடங்கிய டுயிக் குடும்ப ஆலை. எஸ்கெல்பெக் கிராமத்தின் தீரியே ஆலை 1996இல் வந்தது. அந்த வட்டாரத்துப் பழைய வகைக்கு 'பியேர் த கார்து' என்று பெயர்: குளிர்காலத்தில் காய்ச்சி, கோடைக்கென்று காத்து வைத்த பியர். கார்து, காத்து என்று ஒலி ஒத்துப்போவது தற்செயல்தான், ஆராய்ச்சி வேண்டாம்.

ஹாப்ஸ் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன், கண்ணாடிக்கு அப்பால் விரல் காட்டுகிறார்கள். சரி, சுருக்கமாக: வெற்றிலைக் கொடி போலக் கம்பியில் 6 மீட்டருக்கு ஏறும். செப்டம்பரில் அறுவடை, அப்போது போங்கள். அதன் பூவைக் கசக்கினால் மஞ்சள் தூள் விரலில் ஒட்டும், நிலவேம்பு மாதிரி கசக்கும். அந்தக் கையோடு ரொட்டியைத் தொட்டுவிடாதீர்கள், நான் தொட்டேன். வணக்கம்.